தாக்கல் மேசையின் கடமைகள்: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் மின்னணுத் தாக்கல் தரும் பாடம்

(சட்டக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



நடைமுறைச் சட்டத்தில் ஒரு பொருளை எடுத்துப் பேச வேண்டும் என்பது அழைப்பு. நான் எடுத்துக்கொண்டது, வழக்குத் தாள் நீதிமன்றத்துக்குள் நுழையும் வாசல். இ-ஃபைலிங் பற்றி நம் வழக்கறிஞர் சங்கங்களில் விவாதம் எழும்போதெல்லாம் சர்வர், ஸ்கேனர், இணைய வேகம் என்பவற்றிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் குறைகள் உண்மையானவை; தீர்க்கப்பட வேண்டியவை. ஆனால் அவை எல்லாம் தீர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தாக்கல் மேசையில் நடப்பதைப் பாருங்கள். அங்கிருப்பவர் தாளை வாங்குகிறார், கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறார், கட்டணத்தைச் சரிபார்க்கிறார், தேதி முத்திரை குத்துகிறார், குறை இருந்தால் எழுதித் திருப்புகிறார், பிறகு கட்டில் சேர்க்கிறார், கேட்பவருக்குக் காட்டுகிறார். இவை ஒவ்வொன்றுக்கும் சட்ட விளைவு உண்டு. ஒரு முத்திரை ஒரு நாள் தள்ளி விழுந்தால் ஒருவருடைய உரிமையே காலாவதியாகிவிடும். மேசையை எடுத்துவிட்டுக் கணினியை வைக்கும்போது இந்தக் கடமைகள் மறைந்துபோவதில்லை. வேறு யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்கின்றன. யாரிடம், எந்த அளவுக்கு, என்ன பாதுகாப்போடு என்பதை விதி எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்ட கடமை, அதைத் தாங்க முடியாத கட்சிக்காரரின் தலையில்தான் விழும். இதுவே என் கருத்து.

இதை விளக்க அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்த மாற்றம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஒவ்வொரு படியும் விதியாக எழுதப்பட்டிருக்கிறது; எழுதிய விதி வழக்குகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. மாநில நீதிமன்றங்களின் முறைகள் வேறு வேறானவை. சில மாநிலங்களில் தனியார் சேவை நிறுவனங்கள் வழியாகவே தாக்கல் நடக்கிறது. அவற்றுக்குள் இன்று நான் போகவில்லை.

1. விதி படிப்படியாக வளர்ந்தது

1990-களின் நடுவில் ஓஹையோ வட மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆயிரக்கணக்கான கப்பல் தொழிலாளர் வழக்குகள் குவிந்தன. கப்பல்களில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்து நோயுற்றவர்களின் இழப்பீட்டு வழக்குகள் அவை. வந்து குவிந்த தாள்களைக் கையாள முடியாத நிலையில்தான் 1996-இல் அங்கே மின்னணுத் தாக்கல் முறை பிறந்தது. அது வளர்ந்து சிஎம்/இசிஎஃப் என்ற பெயரில், 2001 முதல் திவால் நீதிமன்றங்களுக்கும், அடுத்து மாவட்ட நீதிமன்றங்களுக்கும், பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் பரவியது.

மென்பொருளின் இந்த வரலாற்றுக்கு இணையாக விதியின் வரலாறு ஒன்று ஓடுகிறது. கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 5-ஆம் விதி, நீதிமன்றங்கள் விரும்பினால் மின்னணு வழியில் தாள்களை ஏற்கலாம் என்று 1993-இல் அனுமதித்தது. எதிர்த்தரப்பின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருந்தால் அவருக்கு மின்னணு வழியில் சார்வு செய்யலாம் என்றது 2001-ஆம் ஆண்டுத் திருத்தம். நியாயமான விதிவிலக்குகளோடு ஒரு நீதிமன்றம் மின்னணுத் தாக்கலைக் கட்டாயமாக்கலாம் என்றது 2006-ஆம் ஆண்டுத் திருத்தம். 2018 டிசம்பர் 1 முதல்தான், வழக்கறிஞர் வைத்திருப்பவர் அனைவரும் மின்னணு வழியிலேயே தாக்கல் செய்ய வேண்டும் என்பது நாடு முழுமைக்குமான விதியாயிற்று. அனுமதியில் தொடங்கிக் கட்டாயத்துக்கு வர இருபத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படியிலும் வழக்கறிஞர்களின் அனுபவம் விதிக்குள் வந்து சேர அவகாசம் இருந்தது.

2. கையொப்பம்: கணக்கே கையெழுத்து

அங்கே ஒரு வழக்கறிஞர் எப்படித் தாக்கல் செய்கிறார்? முதலில் அந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பிறகு தம் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, தாக்கல் உரிமைக்குப் பதிவு செய்கிறார். பிராதையோ மனுவையோ பிடிஎஃப் கோப்பாக மாற்றுகிறார். உள்ளே நுழைந்து இது பிராதா, எதிருரையா, இடைக்கால மனுவா என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்; முதன்மை ஆவணத்தை ஏற்றி, இணைப்புகளைத் தனித்தனியே சேர்க்கிறார்; கட்டணத்தை இணையத்திலேயே செலுத்துகிறார். மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கு தொடங்க இப்போது 405 டாலர். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் வழக்குப் பதிவேட்டில் ஒரு வரி தானே ஏறுகிறது. வழக்கு எண், ஆவண எண், தாக்கல் தேதி, பக்க எண் ஆகியவை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் பதிகின்றன. முன்பு பதிவாளர் அலுவலக ஊழியர் எழுதிய பதிவேட்டு வரியை இப்போது வழக்கறிஞரே எழுதுகிறார். தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தவறும் அவருடையதே.

இங்கே கையொப்பம் எது? ஒருவரின் தாக்கல் கணக்கு வழியாக, அவரது அனுமதியோடு, கையொப்பப் பகுதியில் அவர் பெயர் இட்டுச் செய்யப்படும் தாக்கலே அவரது கையொப்பம் என்று 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. இதன் கனம் 11-ஆம் விதியைச் சேர்த்துப் படித்தால்தான் புரியும். தாளில் கையொப்பமிடும் வழக்கறிஞர், அதிலுள்ள வாதங்களையும் உண்மைகளையும் தக்கவாறு விசாரித்தே முன்வைக்கிறேன் என்று நீதிமன்றத்துக்கு உறுதி சொல்கிறார் என்பது அந்த விதி. பொய்த்தால் தண்டம் உண்டு. ஆகவே கடவுச்சொல்லை ஜூனியரிடமோ குமாஸ்தாவிடமோ கொடுத்து, "நீயே போட்டுவிடு" என்று சொல்லும் மூத்த வழக்கறிஞர் தம் பேனாவையே கொடுக்கிறார். அவர் அனுமதித்த தாக்கல் அவர் கையெழுத்திட்ட தாக்கலே. இளம் நண்பர்கள் இதை நினைவில் வையுங்கள்.

3. சார்வு: அறிவிப்பைத் திறந்து படிக்கும் கடமை

தாக்கல் முடிந்த மறுநொடியே அந்த வழக்கில் பதிவு செய்துள்ள எல்லா வழக்கறிஞர்களுக்கும் மின்னஞ்சலில் ஓர் அறிவிப்பு போகிறது. அதிலுள்ள இணைப்பின் வழியே ஆவணத்தை ஒருமுறை கட்டணமின்றித் திறந்து இறக்கிக்கொள்ளலாம். இந்த அறிவிப்பு போனதே சார்வு. அதைச் செய்ததாகத் தனிச் சான்று தாக்கல் செய்ய வேண்டியதில்லை. தபால், கூரியர், ஒப்புகைச் சீட்டு என்று நாம் படும் பாடு அங்கே பெரிதும் ஒழிந்துவிட்டது. ஆனால் இரண்டு வரம்புகளை விதி போட்டிருக்கிறது. வழக்கு தொடங்கும்போது பிரதிவாதிக்கு அழைப்பாணையைப் பழைய முறைப்படியே சேர்ப்பிக்க வேண்டும். நீதிமன்றத்தின் மின்னணு அமைப்புக்குள் இன்னும் வராத ஒருவரை அந்த அமைப்பால் கட்டுப்படுத்த முடியாது. அடுத்து, அறிவிப்பு உரியவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அனுப்பியவருக்கே தெரியவந்தால் அந்தச் சார்வு செல்லாது.

பெறுபவரின் கடமை என்ன? டூ-வே மீடியா நிறுவனம் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் மேல் தொடுத்த காப்புரிமை வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. 2013-இல் டெக்சாஸில் நடுவர் குழு ஏடி அண்ட் டிக்கு எதிராக 2 கோடியே 75 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. தீர்ப்புக்குப் பிந்தைய அதன் மனுக்களை நீதிமன்றம் அந்த நவம்பரில் தள்ளுபடி செய்தது. ஆனால் மின்னஞ்சலில் வந்த அறிவிப்புகளின் தலைப்பு, சில ஆவணங்களை முத்திரையிட்டு வைக்க அனுமதி தரப்பட்டதாக மட்டுமே சொன்னது. தலைப்பை நம்பிய வழக்கறிஞர்கள் உள்ளிருந்த உத்தரவுகளைப் படிக்கவில்லை. தள்ளுபடி விவரம் 2014 ஜனவரியில் தெரியவந்தபோது மேல்முறையீட்டுக்கான 30 நாள் கடந்துவிட்டிருந்தது. அவகாசம் நீட்ட மறுத்தது மாவட்ட நீதிமன்றம். 2015-இல் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அறிவிப்பின் தலைப்பில் பிழை இருந்தாலும் உத்தரவைத் திறந்து படிப்பது வழக்கறிஞரின் கடமை என்பது தீர்ப்பின் சாரம்.

தலைப்புப் பிழை பதிவாளர் அலுவலகத்துடையது. அதன் விலையைக் கொடுத்தவர் கட்சிக்காரர். பெரிய நிறுவனமும் பெரிய வழக்கறிஞர் அலுவலகங்களும் இருந்த வழக்கிலேயே இது நடந்தது. ஒரே ஒரு ஜூனியரை வைத்துத் தொழில் செய்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

4. காலம்: நள்ளிரவும் செயலிழந்த நாளும்

மேசை மாலையில் மூடும், கணினி மூடாது. அப்படியானால் கடைசி நாள் எப்போது முடிகிறது? மின்னணுத் தாக்கலுக்கு, அந்த நீதிமன்றத்தின் நேர மண்டலத்தில் நள்ளிரவு வரை என்கிறது 6-ஆம் விதி. நாட்டுக்குள்ளேயே பல நேர மண்டலங்கள் உள்ள அமெரிக்காவில், யாருடைய கடிகாரம் என்று சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வியே வழக்காகியிருக்கும். ஆனால் நள்ளிரவு வரை வாசல் திறந்திருப்பது எல்லோருக்கும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. இளம் வழக்கறிஞர்களின் இரவுகளை அது தின்றுவிடுகிறது. எதிர்த்தரப்பு தூங்கும் நேரத்தில் தாக்கல் செய்யும் பழக்கத்தை வளர்க்கிறது. இதை எண்ணியே மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலை முதல் கடைசி நேரத்தை மாலை 5 மணியாக்கியது.

சார்வுக்குப் பின் பதில் தாக்கல் செய்யும் காலத்தோடு முன்பு 3 நாள் கூடுதலாகக் கிடைத்தது. தபால் போய்ச் சேர எடுக்கும் நாட்களுக்கான ஈடு அது. மின்னணுச் சார்வுக்கும் நீடித்த அந்தச் சலுகையை 2016-இல் நீக்கினார்கள். மின்னஞ்சல் நொடியில் போகிறது என்பது காரணம். வேகம் கூடியபோது வழக்கறிஞரின் அவகாசம் குறைந்தது.

இனி முக்கியமான ஒன்று. கடைசி நாளில் கணினி செயலிழந்தால்? பதிவாளர் அலுவலகத்தை அணுக முடியாத நிலை இருந்தால், அணுகக்கூடிய அடுத்த வேலை நாள் வரை காலம் நீளும் என்கிறது 6-ஆம் விதி. பழைய வாசகம் வானிலையைக் குறிப்பிட்டது. 2009-இல் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டார்கள். மின்னணுத் தாக்கல் அமைப்பு செயலிழப்பதும் அணுக முடியாத நிலையாகலாம் என்று விதிக்குழுவின் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

5. மேசைக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை

ஒரு தாள் விதிகள் சொல்லும் வடிவில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவாளர் அலுவலகம் அதை ஏற்க மறுக்கக் கூடாது. இது 1991 முதல் அங்கே விதி. குறை இருந்தால் சுட்டிக்காட்டலாம், திருத்தித் தரச் சொல்லலாம். ஆனால் தாக்கல் தேதி முதல் தேதியே. உரிமை அழியுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதி, ஊழியர் அல்லர்.

நம் வழக்கறிஞர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். ஓரம் சரியில்லை, பக்க எண் இல்லை, தட்டச்சுப் பிரதி இல்லை என்று எழுதித் திருப்பப்பட்டு, மீண்டும் கொடுத்து, மறுபடி திருப்பப்பட்டு, வழக்கு நம்பர் ஆவதற்குள் மாதங்கள் ஓடுவதை நாம் அறிவோம். அதே பழக்கத்தைத் திரைக்கு மாற்றினால், முன்பு நேரில் கெஞ்சிக் கேட்ட விளக்கத்தையும் கேட்க ஆளிருக்காது. இந்த ஒரு விதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டாலும் போதிய நன்மை உண்டு.

6. வெளிப்படைத்தன்மையும் அந்தரங்கமும்

காகிதக் காலத்தில் வழக்குக் கட்டு பொது ஆவணமாக இருந்தும், அதைப் பார்க்க நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டும். அந்தச் சிரமமே அந்தரங்கத்துக்கு ஒரு காவலாக இருந்தது. இணையத்தில் அந்தக் காவல் இல்லை. எனவே 2007 டிசம்பரில் 5.2 என்ற புதிய விதி வந்தது. சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும். பிறந்த தேதியில் ஆண்டு மட்டும். சிறுவர்களின் பெயரில் முதலெழுத்துகள் மட்டும். இவற்றை மறைப்பது தாக்கல் செய்பவரின் பொறுப்பு.

மறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2019 ஜனவரியில் அரசியல் ஆலோசகர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் வாஷிங்டனில் தாக்கல் செய்த ஆவணத்தில் சில பத்திகள் கறுப்புக் கட்டங்களால் மூடப்பட்டிருந்தன. கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருந்தது. அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள். மேலே பூசுவது வேறு, எழுத்தையே கோப்பிலிருந்து நீக்குவது வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டக் கல்லூரியிலேயே கற்றுத்தர வேண்டும்.

சோலார்விண்ட்ஸ் மென்பொருள் ஊடுருவல் தெரியவந்தபின், 2021 ஜனவரியில், மிக நுட்பமான ஆவணங்களைக் காகிதத்திலோ பாதுகாப்பான தனிக் கருவியிலோ நேரில் தருமாறு கூட்டாட்சி நீதித்துறை ஏற்பாடு செய்தது. மின்னணு முறையில் முன்னோடியான அமைப்பே, தேவைப்பட்டபோது காகிதத்துக்கு வாசலைத் திறந்துவைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பார்வையிடும் உரிமைக்கு அங்கே விலை உண்டு. பேசர் என்னும் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் பார்ப்பவரிடம் வசூலிப்பதில்லை. இந்தக் கட்டணம் செலவை மீறி வசூலிக்கப்படுகிறது என்று 2016-இல் பொதுநல அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. முடிவில் 12 கோடியே 50 லட்சம் டாலர் திருப்பித்தர உடன்பாடாகி, 2024-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. பொது ஆவணத்தைப் படிக்கக் காசு கேட்பதை நான் ஏற்கவில்லை. இந்தியாவில் வழக்கு நிலையையும் உத்தரவுகளையும் கட்டணமின்றிக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளம் இந்த ஒரு விஷயத்தில் மேலானது.

7. வழக்கறிஞர் இல்லாதவர்

கட்டாயத்தைக் கொண்டுவந்த அதே 2018-ஆம் ஆண்டுத் திருத்தம், வழக்கறிஞர் இல்லாமல் தாமே வழக்காடுபவருக்கு அதை விதிக்கவில்லை. அவர் காகிதத்திலேயே தரலாம். நீதிமன்ற உத்தரவோ உள்ளூர் விதியோ அனுமதித்தால் மட்டும் மின்னணு வழியில் தரலாம். இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கம் உண்டு. கணினி இல்லாத ஏழையை இது காக்கிறது. கணினி தெரிந்த ஏழையை அனுமதி கேட்க வைக்கிறது. என் கணக்கில், காகிதம் அவரது உரிமையாக இருக்க வேண்டும்; மின்னணு வழியும் அவரது உரிமையாகவே இருக்க வேண்டும்.

சிறையில் இருப்பவருக்குக் கணினியும் இல்லை, தபால் நிலையமும் இல்லை. 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹூஸ்டன் எதிர் லேக் வழக்கில், ஒரு கைதி மேல்முறையீட்டு அறிவிப்பை 27-ஆம் நாளே சிறை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார். நீதிமன்ற முத்திரை விழுந்தது 31-ஆம் நாள். கெடு 30 நாள். சிறை அதிகாரியிடம் கொடுத்த நாளே தாக்கல் நாள் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. தாளைத் தம் கையிலிருந்து விட்டபிறகு நடப்பவை அவர் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே காரணம். மின்னணுத் தாக்கலுக்கும் இந்தத் தத்துவம் அப்படியே பொருந்தும். தன் பங்கைச் சரியாகச் செய்தவரை, தன் கட்டுப்பாட்டில் இல்லாத கோளாறு தண்டிக்கக் கூடாது.

8. நமக்கு

நம் உச்ச நீதிமன்றத்தில் மின்னணுத் தாக்கல் 2006 அக்டோபர் 2-ஆம் நாளே தொடங்கியது. இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அரசு நான்கு ஆண்டுகளுக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணம் வந்திருக்கிறது, தளமும் இருக்கிறது. விதி எழுதும் அதிகாரமும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றங்களுக்கு உண்டு.

ஓர் இடத்தை மட்டும் சுட்டுகிறேன். காலவரம்புச் சட்டம் 1963-இன் 4-ஆவது பிரிவு, கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்கிறது. கட்டடம் திறந்திருந்து சர்வர் மட்டும் முடங்கினால், நீதிமன்றம் மூடியிருந்ததாகக் கொள்ளலாமா? தாமதத்தைப் பொறுக்கும் 5-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் பொருந்தும். அசல் வழக்குக்குப் பொருந்தாது. ஆக, கடைசி நாளில் பிராது ஏறாமல் போன வாதிக்குக் கைகொடுப்பது எது என்பது ஐயமின்றி எழுத்தில் இருக்க வேண்டும். செல்லும் இடமெல்லாம் வெவ்வேறு வழக்கம் என்ற நிலை ஆகாது.

என் வேண்டுகோள்கள் இவை. தளம் முடங்கிய நாள், நேரம் ஆகியவற்றைத் தளமே பதிவுசெய்து பொதுவில் வெளியிட வேண்டும். அன்று கடைசி நாளாக இருந்தவர்களுக்குக் காலம் தானே நீள வேண்டும். முதலில் ஏற்றிய நேரமே தாக்கல் நேரம் என்றும், வடிவக் குறைக்காக அது மாறாது என்றும் விதி வேண்டும். மின்னணு வழியில் ஏற்றபின் அதே தாள்களைக் காகிதத்திலும் கேட்கும் இரட்டைச் சுமை ஒழிய வேண்டும். வழக்கறிஞர் இல்லாதவருக்கும், வசதி குறைந்த தாலுகா வழக்கறிஞருக்கும் காகித வாசல் திறந்திருக்க வேண்டும். அங்கே தரும் தாளை ஸ்கேன் செய்து ஏற்றும் பொறுப்பை இ-சேவை மையம் கட்டணமின்றி ஏற்க வேண்டும். இவை உறுதியாகும் வரை எந்த மாவட்டத்திலும் கட்டாயம் கூடாது.

மாணவ மாணவியரே, உங்கள் தலைமுறை தாக்கல் மேசையைப் பார்க்காமலே தொழில் செய்யப்போகிறது. விதிக்குழுக்கள் வரைவு விதிகளைக் கருத்துக்கு வெளியிடும்போது அவற்றைப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் இந்தக் கடமை யாரிடம் போகிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். அந்த வேலையை வழக்கறிஞர்கள் செய்யாவிட்டால் வேறு எவரும் செய்யப்போவதில்லை.